கிணற்றடி மோட்டாரும் இரண்டு ட்ரிப்புகளும்

புதிதாக லைசென்ஸ் வாங்கி இந்த வயரிங் தொழிலுக்கு வந்திருக்கும் தம்பி தங்கைகளுக்கு, எர்த் குழி எத்தனை அடி தோண்ட வேண்டும், கரியும் உப்பும் எந்த அளவில் கொட்ட வேண்டும் என்றெல்லாம் நான் சொல்லப்போவதில்லை. அது புத்தகத்தில் இருக்கிறது. உங்கள் கையும் சீக்கிரம் பழகிவிடும். நான் சொல்ல நினைப்பது வேறு. வேலை முடிந்துவிட்டது, வீட்டுக்காரருக்குத் திருப்தி, முதலாளிக்கும் திருப்தி, உங்களுக்கு மட்டும் உள்ளே ஏதோ உறுத்துகிறது. அந்த நேரத்தில் சாமான் பையை மூடிக்கொண்டு கிளம்புவீர்களா, மாட்டீர்களா? எனக்கு அந்த நேரம் வந்தது மட்டாஞ்சேரியில், அறுபதுகளின் நடுவில், ராமநாதசாமி வீட்டுக் கிணற்றடியில்.

எங்கள் ஊரில் பாலக்காட்டுப் பிராமணர்களை எல்லோரும் சாமி என்றுதான் கூப்பிடுவோம். ராமநாதசாமி வெலிங்டன் தீவில், துறைமுகத்தில் சரக்கு எண்ணும் குமாஸ்தா. மனைவி சாரதாம்மா. சாமியின் அப்பா வாதம் வந்து வலது பக்கம் விழுந்து, பேச்சும் குழறி, படுக்கையில் இருந்தார். மிளகு மூட்டைகள் அடுக்கி வைக்கும் பாண்டிகசாலைகளின் பின்சுவர்களுக்கு நடுவே நெருக்கி வைத்தது போல நிற்கும் பழைய ஓட்டு வீடு. கொல்லை என்பது கிணறும் துணி துவைக்கும் கல்லும் போக ஒரு ஆள் திரும்பும் இடம்தான். கிணற்றுத் தண்ணீர் உப்புக் கரிக்கும், குடிக்க ஆகாது. ஆனால் பெரியவரைக் குளிப்பாட்ட, அவர் துணிகளை அலச, நாள் முழுக்க அது வேண்டும். அதற்காகத்தான் யாரோ ஒரு வயர்மேனை வைத்து மோட்டார் போட்டிருந்தார்கள்.

ஒரு மே மாதக் காலையில் ஈரக் கையோடு சாரதாம்மா அந்த மோட்டாரைத் தொட்டார். கை ஒட்டிக்கொண்டது. கால் வழுக்கிக் கீழே விழுந்ததால் பிடி விட்டது. இல்லையென்றால் எழுந்திருக்க மாட்டார். உள்ளங்கை வெந்துபோயிற்று. சத்தம் கேட்டு ஓடி வந்த சாமி மெயினை அணைக்கும் வரைக்கும் மோட்டார் ஒன்றும் நடக்காதது போலத் தண்ணீரை ஏற்றிக்கொண்டே இருந்தது என்று பிறகு சாமியே சொன்னார்.

நான் அப்போது ஒரு ஒப்பந்தக்காரரிடம் சூப்பர்வைசராக இருந்தேன். எங்கள் கடையைத் தேடி சாமி வந்தார். கோபம் இல்லை, குழப்பம்தான் இருந்தது.

"எர்த் போட்டிருக்கு, ஆறுமுகம். பல்ப் வெச்சு டெஸ்ட் பண்ணிக் காமிச்சா, பளிச்சுன்னு எரிஞ்சுது. பியூஸும் போகலை. அப்பறம் எப்படியாக்கும் ஷாக் அடிச்சுது?"

அன்று எங்கள் பக்கத்து வீடுகளுக்கு மின்சார ஆபீஸ் இரண்டு கம்பிதான் தரும். எர்த் வீட்டுக்காரரின் பொறுப்பு. கொல்லையில் ஒரு இரும்புக் குழாயை இறக்கி, அதிலிருந்து மோட்டாருக்கு ஒரு கம்பி கொடுப்பார்கள். பிறகு லைன் கம்பிக்கும் அந்தக் குழாய்க்கும் நடுவே ஒரு பல்பைப் பிடிப்பார்கள். எரிந்தால் எர்த் நல்லது என்பது அன்று ஊர் முழுக்க வழக்கம். பல்ப் எரிய ஒரு ஆம்பியரில் கால் பங்கு போதும். பதினைந்து ஆம்பியர் பியூஸ் உருக அதைப் போல நூறு மடங்கு வேண்டும். மண் வழியாகத் திரும்பிப் போகும் கரண்ட் அந்த அளவுக்கு ஒரு நாளும் வராது. ஆகவே பியூஸ் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கும், மோட்டாரின் உடம்பு முழுக்கக் கரண்ட் நிற்கும். நான் சாமியிடம் சுருக்கமாகச் சொன்னேன்: "பியூஸ் வயரைக் காப்பாத்தத்தான் சாமி. ஆளைக் காப்பாத்த வேற ஒண்ணு வேணும்."

அந்த வேறொன்று எங்கள் கடையிலேயே இருந்தது. கரண்ட் ஒழுகினால் தானே சப்ளையை வெட்டும் ஸ்விட்ச்; ஈ.எல்.சி.பி. என்று பெயர், நாங்கள் ட்ரிப் என்போம். அதில் இரண்டு ஜாதி உண்டு, இரண்டுக்கும் ஒரே பெயர். அதனால் வந்த வினைகள் கொஞ்சமல்ல. முதலாவது வோல்டேஜ் ட்ரிப். கொல்லை மண்ணில் தனியாக ஒரு இரும்புக் கம்பியை அடித்து, மோட்டாரின் உடம்புக்கும் அந்தக் கம்பிக்கும் இடையே வோல்டேஜ் ஏறினால் சப்ளையை வெட்டும். இரண்டாவது கரண்ட் ட்ரிப். அது எர்த்தைப் பார்ப்பதே இல்லை. வீட்டுக்குள் போகும் கரண்டையும் திரும்பி வரும் கரண்டையும் ஒத்துப் பார்க்கும். குறைந்து வந்தால், நடுவில் எங்கோ ஒழுகுகிறது என்று வெட்டும். வோல்டேஜ் ட்ரிப் விலை குறைவு, எங்களிடம் கையிருப்பும் உண்டு. கரண்ட் ட்ரிப் வெளிநாட்டுச் சரக்கு, அபூர்வம். முதலாளி யோசிக்கவே இல்லை. கையில் இருப்பதை மாட்டிவிட்டு வா என்றார்.

மாட்டினோம். மோட்டாரின் கெட்டுப்போன காயிலையும் புதிதாகக் கட்டி வாங்கி வந்து பொருத்தினோம். ட்ரிப்புக்கான கம்பியைக் கிணற்றிலிருந்து ஒரு கஜம் தள்ளி அடித்தோம். அதற்கு மேல் தள்ளிப் போனால் பாண்டிகசாலைச் சுவர். முதலாளியே வந்து, ட்ரிப்பில் இருக்கும் டெஸ்ட் பொத்தானை அழுத்திக் காட்டினார். டப் என்று விழுந்தது. சாமியின் முகம் தெளிந்தது. சாரதாம்மா சமையலறை வாசலில், கட்டுப் போட்ட கையோடு நின்றுகொண்டிருந்தார். அவர் கேட்டார்.

"பட்டனை அமுக்கினா விழறது, செரி. மோட்டார்ல கரண்ட் வந்தா விழுமோ? அதை எனக்குக் காட்டித் தரணும்."

முதலாளி சிரித்து, இரண்டும் ஒன்றுதான் என்றார். சாரதாம்மா சிரிக்கவில்லை. அதைக் கண்ணால் பார்க்காமல் அந்த ஸ்விட்சைத் தொடமாட்டேன் என்று சொல்லிவிட்டு உள்ளே போனார். சாமிக்கு சங்கடமாகப் போயிற்று. முதலாளிக்கு வேறு வேலை இருந்தது, கிளம்பினார். மறுநாள் அந்த வழியாக நான் போனபோது, இடது கையால் கயிற்றை இழுத்து, காலால் மிதித்துப் பிடித்து, மறுபடி இழுத்து, அந்தம்மா தண்ணீர் மொண்டுகொண்டிருந்தார். காயில் கட்டி வந்த மோட்டார் பக்கத்திலேயே இருந்தது.

எனக்கு உறுத்தியது அதனால் மட்டுமல்ல. முதல் நாளிலிருந்தே அந்த ஒரு கஜ தூரம் எனக்குப் பிடிக்கவில்லை. மோட்டாரின் இரும்புக் குழாய் கிணற்றுத் தண்ணீருக்குள் இறங்கியிருந்தது. அதுவும் ஒரு எர்த்தானே. அதற்குப் பக்கத்திலேயே, அதே ஈர மண்ணில், எங்கள் கம்பி. நான் முதலாளியிடம் கேட்காமலே சாமான்களை எடுத்துக்கொண்டு அந்த வீட்டுக்குப் போனேன். கேட்டிருந்தால் வேண்டாம் என்றிருப்பார்.

பெரியவரை அவர் அறையில் விட்டுவிட்டு எல்லோரும் வாசலில் நிற்க வேண்டும், ஒன்றையும் தொடக் கூடாது என்று சொன்னேன். கரண்ட் அளவு மீறாமலிருக்க ஒரு ஹீட்டர் காயில் வழியாக லைனை மோட்டாரின் உடம்போடு சேர்த்தேன். வேண்டுமென்றே உண்டாக்கிய கோளாறு. இதை நீங்கள் யாரும் தனியாகச் செய்யக் கூடாது; அன்று மெயின் ஸ்விட்சில் கை வைத்தபடி எங்கள் வயர்மேன் ஒருவர் நின்றார். ட்ரிப் விழவில்லை. எங்கள் கம்பிக்கும் மோட்டாருக்கும் நடுவே வோல்ட் மீட்டரை வைத்தேன். முள் கொஞ்சம்தான் அசைந்தது. தெரு ஓரத்தில் ஒரு ஆணியை அடித்து அதற்கும் மோட்டாருக்கும் நடுவே வைத்தேன். முள் பாதிக்கு மேல் ஏறி நின்றது. பிறகு குளியலறைக்குப் போனேன். மோட்டாரிலிருந்து வரும் இரும்புக் குழாய் அங்கேதான் முடிகிறது. பெரியவரை உட்கார வைத்துக் குளிப்பாட்டும் முக்காலி குழாயடியில் கிடந்தது. குழாய்க்கும் ஈரத் தரைக்கும் நடுவே மீட்டரை வைத்தபோது முள் மறுபடி ஏறியது. மெயினை அணைக்கச் சொல்லிக் கத்தினேன்.

வெளியே வந்து சாரதாம்மாவிடம் ஒளிக்காமல் சொன்னேன். "விழலை அம்மா. எங்க கம்பியும் உங்க மோட்டாரும் ஒரே வள்ளத்துல நிக்கற மாதிரி நிக்குது. வெள்ளம் ஏறினா ரெண்டும் சேர்ந்து ஏறும். ஒண்ணுக்கு இன்னொண்ணு ஏறினது தெரியாது."

அவர் மறுபடி கயிற்றை எடுத்துக்கொண்டு கிணற்றடிக்குப் போனார். கயிறு இழுத்து அந்த நல்ல கையும் தோல் உரிந்திருந்தது.

கடைக்குப் போய் முதலாளியிடம் நடந்ததைச் சொன்னேன். அவர் கெட்டவர் அல்ல. கையிலிருந்த சாயாக் கிளாசைக் கீழே வைத்துவிட்டு முழுக்கக் கேட்டார். கம்பியை வேறு இடத்தில் அடிக்கலாமே என்றார். இடமில்லை என்றேன். முனிசிபல் தண்ணீர்க் குழாயோடு எர்த்தைக் கட்டிவிடலாமே என்றார். அப்போது பக்கத்து வீட்டுக் கோளாறெல்லாம் இந்த வீட்டுக் குழாயில் வரும் என்றேன். அதற்குப் பிறகுதான் அவர் மனதில் இருந்தது வெளியே வந்தது.

"இதே ஜாதி ட்ரிப்பை இந்தப் பக்கத்துல ஏழெட்டு வீட்டுல போட்டிருக்கோம். எல்லாம் இதே மாதிரி கொல்லை. நான் போய் எல்லார்கிட்டயும் நாங்க போட்டது செரியில்லைன்னு பறையணுமா?"

"பறையணும் முதலாளி."

"பறைஞ்சா இந்த பஜார்ல அப்பறம் யாரு என்னைக் கூப்பிடுவா?"

கூப்பிட மாட்டார்கள் என்றே எனக்கும் தோன்றியது. ஆனால் குளியலறையில் முள் ஏறியதை நான் பார்த்துவிட்டேன். பார்த்த பிறகு, அந்த வீட்டு வேலை முடிந்ததாக நான் கையெழுத்துப் போட முடியாது என்று மட்டும் சொன்னேன். அவர் குடையை எடுத்துக்கொண்டு போய்விட்டார். அன்று வீட்டில் என் மனைவியிடம், வேறு வேலை தேட வேண்டி வரலாம் என்று சொன்னேன்.

மறுநாள் காலையில் சாமி வீட்டு வாசலில் முதலாளி எனக்கு முன்னாலேயே நின்றுகொண்டிருந்தார். அந்தச் சோதனையை மறுபடி செய்யச் சொன்னார். இந்த முறை குளியலறையில் மீட்டரை அவரே பிடித்தார். முள் ஏறுவதைப் பார்த்தார். அந்த முக்காலியையும் பார்த்தார். பிறகு சாமியிடம் போய், தான் போட்டது இந்த வீட்டுக்குப் பொருந்தாது, கழற்றிக்கொண்டு போகிறேன், சரியானதைக் கொண்டுவந்து மாட்டுகிறேன் என்று தானே சொன்னார். என்னைச் சொல்ல விடவில்லை. பலரிடம் வேலை பார்த்திருக்கிறேன். அப்படி ஒரு வார்த்தையைத் தன் வாயால் சொன்ன முதலாளி அவர் ஒருவர்தான்.

கரண்ட் ட்ரிப்புக்காகப் போட் ஏறித் தீவுக்குப் போனேன். கப்பல்களுக்குச் சாமான் தரும் ஒரு கடையில் இரண்டு தினுசு இருந்தன. ஒன்று முரடு, நிறைய ஒழுகினால்தான் விழும். மற்றது நுணுக்கமானது, கொஞ்சம் ஒழுகினாலே விழும். கடைக்காரர் முரட்டையே எடுத்துக்கொள் என்றார். நுணுக்கமானதை வாங்கிப் போனவர்களெல்லாம் சும்மா சும்மா விழுகிறது என்று திருப்பிக் கொண்டுவந்துவிடுகிறார்களாம்.

அந்தக் கடையில் நின்று யோசித்ததை இன்றைக்கும் யார் கேட்டாலும் சொல்வேன். எர்த் எவ்வளவு மோசமோ, ட்ரிப் அவ்வளவு நுணுக்கமாக இருக்க வேண்டும். ட்ரிப் விழுவதற்கு முன்னால் ஒழுகும் கரண்ட், அந்த எர்த்தின் வழியாகப் போகும்போது, இரும்பில் எவ்வளவு வோல்டேஜை நிறுத்தும் என்பதே கணக்கு. அந்த எர்த்தை எப்போது அளப்பது? ஜூன் மாத மழையில் அளந்தால் எங்கள் ஊரில் எல்லா எர்த்தும் நல்ல எர்த்துதான். நான் அளந்தது மே கடைசியில், கிணறு கீழே போய், குழாயைச் சுற்றி மணல் காய்ந்து கிடந்தபோது. அந்த அளவுக்கு முரட்டு ட்ரிப் போதாது. அது விழுவதற்குள் ஆள் விழுந்துவிடுவார். நுணுக்கமானதை வாங்கிக்கொண்டு போட் ஏறினேன். தொல்லை தரும் என்று தெரிந்தே வாங்கினேன்.

அதை மொத்த வீட்டுக்கும் சேர்த்து மெயினில் மாட்டி, எர்த்துக்கு இன்னொரு குழாயும் இறக்கினோம். ட்ரிப் வந்துவிட்டது என்று எர்த்தை விட்டுவிடக் கூடாது. பிறகு சாரதாம்மாவை அழைத்து, அவர் எதிரில் மோட்டாரில் கோளாறை உண்டாக்கினேன். நான் கம்பியைத் தொடுவித்ததுதான் தெரியும், சப்ளை போய்விட்டது. இன்னொரு தரம் செய்யச் சொன்னார். செய்தேன். அதன் பிறகு இடது கையால் ஸ்விட்சைப் போட்டார். தண்ணீர் ஏறும் சத்தத்தை நின்று கேட்டுவிட்டு உள்ளே போனார்.

இதோடு முடிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஜூன் பிறந்ததும் எடவப்பாதி மழை பிடித்துக்கொண்டது. கடைக்காரர் சொன்னபடியே ட்ரிப் விழ ஆரம்பித்தது. சாமி கடைக்கு வந்தார். இந்த முறை கோபமாகவே வந்தார். கோபத்துக்குக் காரணமும் இருந்தது. வேலையிலிருந்து நனைந்து வந்தால் வீடு இருட்டாக இருக்கிறது. பெரியவருக்கு மருந்து கொடுக்க விளக்கு இல்லை. ட்ரிப்பை மறுபடி தூக்கிவிட்டால் நிற்பதில்லை. அரை மணி கழித்துத்தான் நிற்கிறது.

"வீட்டிலே சுகமில்லாத மனுஷன் கிடக்கறார். எனக்கு இந்த மெஷின் வேண்டாம். எடுத்துடுங்கோ. பழையதையே போடுங்கோ."

பக்கத்துத் தெரு வயர்மேன் ஒருவர், ட்ரிப்பைத் தாண்டி ஒரு துண்டு வயரைக் கொடுத்தால் போதும், அது விழுந்தாலும் விளக்கு எரியும், ஐந்து நிமிஷ வேலை என்று சாமியிடம் சொல்லியிருந்தார். உங்களிடமும் ஒரு நாள் இதைக் கேட்பார்கள். கேட்பவர் நல்லவராக இருப்பார், அவர் கஷ்டமும் உண்மையாக இருக்கும். அப்போதும் அந்தத் துண்டு வயரைக் கொடுக்காதீர்கள். நான் சாமியிடம் ஒரு பகல் பொழுது கேட்டேன். சாயங்காலத்துக்குள் காரணம் கண்டுபிடிக்காவிட்டால் மேற்கொண்டு பேசுவோம் என்றேன். அரை மனதோடு சம்மதித்தார்.

வீட்டுக்குப் போய் முதலில் சாரதாம்மாவிடம் கேட்டேன், எப்போதெல்லாம் விழுகிறது என்று. மழை பெய்யும்போது என்றுதான் அவரும் சொன்னார். பிறகு, "சிலப்போ மழை இல்லேன்னாலும் விழறது. காலம்பற அறையெல்லாம் துடைச்சா உடனே விழும்" என்றார்.

மழைக்கும் தரை துடைப்பதற்கும் பொதுவாக என்ன இருக்கிறது? கூரையில் கோளாறு என்றால் துடைப்பதற்கு விழாது. ஒவ்வொரு அறையின் லைனையும் தனித்தனியாகக் கழற்றினேன். பெரியவரின் அறையைக் கழற்றியதும் ட்ரிப் அசையாமல் நின்றது. அதைச் சேர்த்தேன். தரையில் கொஞ்சம் தண்ணீர் விடச் சொன்னேன். விழுந்தது.

சப்ளையை முழுக்க அணைத்துவிட்டு அந்த அறைக்குள் போனேன். சுவரோரமாக இரும்புக் கட்டில். அதில் பெரியவர். சுவரில் மரச்சட்டத்தின் மேல் ஓடும் பழைய வயரிங். கொசுவலை கட்ட ஒரு ஆணி வேண்டியிருந்திருக்கிறது. காரைச் சுவரில் ஆணி நிற்காது என்று அந்த மரச்சட்டத்திலேயே அடித்திருந்தார்கள். ஆணி வயரின் ரப்பரைக் கிழித்துக்கொண்டு போயிருந்தது. கட்டிலின் தலைமாட்டுக் கம்பி அந்த ஆணியில் சாய்ந்திருந்தது. தரை காய்ந்திருந்தால் ஒன்றும் இல்லை. மழையில் ஓதம் ஏறியோ, துடைக்கும்போதோ கட்டில் கால் நனைந்தால், கட்டில் வழியாக மண்ணுக்கு ஒழுகும். யார் அடித்த ஆணி என்று நான் கேட்கவில்லை.

வோல்டேஜ் ட்ரிப் இருந்திருந்தால் இதை ஒரு நாளும் பார்த்திருக்காது. கட்டிலுக்கு யார் எர்த் கம்பி கட்டுவார்கள்?

நான் ஆணியைக் காட்டியதும் சாரதாம்மா குனிந்து கட்டில் கம்பியையும் பார்த்தார். பிறகு சொன்னார்: "கட்டில் கடிக்கறது, கட்டில் கடிக்கறதுன்னு அப்பா சொல்லிண்டே இருந்தார். மூட்டைப்பூச்சின்னு நினைச்சு, கட்டில் முழுக்க மண்ணெண்ணெய் விட்டேன். மெத்தையை மாத்தினேன்."

சாமி அப்போதுதான் வேலையிலிருந்து வந்தார். நனைந்த சட்டையைக்கூட மாற்றவில்லை. ஆணியையும் கட்டிலையும் பார்த்தார். அவருக்கு நான் எதையும் விளக்க வேண்டியிருக்கவில்லை. கட்டில் ஓரத்தில் ஈரத் தரையிலேயே உட்கார்ந்து, அப்பாவின் நல்ல கையை எடுத்துத் தன் கைக்குள் வைத்துக்கொண்டார்.

"நீங்க சொன்னது செரியாக்கும், அப்பா. கட்டில்தான் கடிச்சுது."

பெரியவர் எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தார். நாக்கு புரளாமல், ஒவ்வொரு எழுத்தாகத் தேடி எடுத்துச் சொன்னார். முதலில் எனக்குப் புரியவில்லை. சாரதாம்மாவுக்குப் புரிந்தது. எத்தனை தரம் சொல்வது என்று பெரியவர் கேட்டிருக்கிறார்.

அன்றைக்கே அந்த அறையின் வயரிங்கை மாற்றினோம், கட்டிலைச் சுவரை விட்டு அறையின் நடுவுக்கு நகர்த்தினோம். ட்ரிப்பை எடுக்கச் சொல்லி சாமி அதன் பிறகு கேட்கவில்லை. மறுநாள் மழையிலேயே முதலாளியும் நானும் மற்ற ஏழெட்டு வீடுகளுக்கும் கிளம்பினோம். இரண்டு பேர் திட்டினார்கள். ஒருவர் கேட்டைத் திறக்கவே இல்லை. நான்காவது தடவை போனபோது திறந்தார். ஒவ்வொரு வீட்டிலும் மீட்டரை வெளியே எடுப்பதற்கு முன்னால், வீட்டில் இருப்பவர்கள் எல்லோரையும் கூப்பிட்டு, படுத்திருப்பவர் இருந்தால் அவர் பக்கத்திலேயே போய் உட்கார்ந்து, நான் ஒரு கேள்வி கேட்டேன். இந்த வீட்டில் எதைத் தொட்டால் கடிக்கிறது?